மேசைமேல் திறந்து கிடக்கும் பேட்டரி

கூத்தாநல்லூர், லட்சுமாங்குடி, பொதக்குடி, அத்திக்கடை பகுதிகளில் டூவீலர் பட்டறை நடத்தும் தம்பிமார்களுக்கும், பேட்டரிக் கடை வைத்திருப்போருக்கும், பழைய இரும்பு எடுக்கும் வியாபாரிகளுக்கும்,



உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் பிரிவுக்குப் பாடம் எடுத்தவன். கடைத்தெருவில் நடந்தால் "சார், டீ சாப்பிட்டுப் போங்க" என்று ஏதாவதொரு பட்டறையிலிருந்து குரல் வரும். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். தனித்தனியாக வந்து சொல்லலாம். ஆனால் ஒருவரிடம் போய்ச் சொன்னால் அவரைக் குறை சொன்னதாக ஆகிவிடும். தொழில் முழுக்கப் பரவிவரும் ஒரு பழக்கத்தைப் பற்றிய பேச்சு என்பதால் எல்லோருக்கும் பொதுவாக எழுதுவதே நியாயம்.

சமீபத்தில் ஒரு பட்டறையில் பார்த்தேன். மேசைமேல் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரி ஒன்று மூடி கழற்றிக் கிடந்தது. உள்ளே கட்டைவிரல் பருமனில் செல்கள், தேனடை போல நெருக்கமாக. வேலை பார்க்கும் பையன் நிக்கல் பட்டையைக் குறடால் பிடித்து உரித்துக்கொண்டிருந்தான். உரித்த செல்லை மல்டிமீட்டரில் வைத்துப் பார்ப்பான். வோல்ட் நன்றாகக் காட்டினால் ஒரு டப்பா, குறைவாகக் காட்டினால் இன்னொரு டப்பா. தேறிய செல்களின் பழைய உறையைக் கிழித்துவிட்டுப் புது நீல ஸ்லீவ் போட்டு, ஹேர் டிரையரால் சூடு காட்டினால் பார்வைக்குப் புதுச் செல். எந்த ஆண்டு செய்தது, எந்தக் கம்பெனி, எத்தனை ஆம்பியர் என்பதெல்லாம் கிழித்த உறையோடு குப்பைக்குப் போயிற்று. மேசைக்குக் கீழே பெட்ரோல் கேன். சுவரோரம் இன்னும் சில பேக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக. அதற்குப் பக்கத்திலேயே மாடிப்படி. மாடியில் குடும்பம் குடியிருக்கிறது.

பையன் கைத்திறன் உள்ளவன். ஸ்பாட் வெல்டிங் வைத்த விதத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எவ்வளவு திறமை இருந்தாலும் இந்த வேலையில் அது காப்பாற்றாது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

இப்போது ஏன் இந்தப் பேட்டரிகள் உங்களிடம் வருகின்றன? பெட்ரோல் விலை நூறு ரூபாயைத் தாண்டிய 2021, 2022-இல் ஊர்ப்பக்கம் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் நிறைய வந்தது. நம் ஊரிலிருந்து போய் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் பிள்ளைகள், இங்கே தனியாக இருக்கும் அத்தாவுக்கும் அப்பாவுக்கும் வாங்கிக் கொடுத்தார்கள். கடைவீதி, பள்ளிவாசல், வங்கி என்று போய்வரத் தோதான வண்டி. மூன்று ஆண்டு வாரண்டி என்று சொல்லி விற்றவை பலவற்றுக்கும் இப்போது வாரண்டி முடிந்துவிட்டது. சில டீலர்கள் கடையையே மூடிவிட்டார்கள். புது பேக் கேட்டால் வண்டி விலையில் பெரும்பங்கைச் சொல்கிறார்கள். பெரியவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு உங்களிடம் வந்து, "ஏதாவது பண்ணிக் கொடுப்பா" என்கிறார். மறுக்க மனம் வருவதில்லை. அந்த இரக்கத்தில்தான் பழைய செல்லைப் பொறுக்கி பேக் கட்டும் வேலை தொடங்கியது. பேராசையில் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

எலக்ட்ரிக் வண்டிகளில் 2022-இல் நடந்த தீ விபத்துகள் உங்களுக்கு நினைவிருக்கும். மார்ச் கடைசியில் வேலூர் சின்ன அல்லாபுரத்தில் இரவு சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் பள்ளிக்கூடம் போகும் மகளும் இறந்தார்கள். அதே வாரம் நமக்குப் பக்கத்தில், மணப்பாறையில் ஒரு வண்டி எரிந்தது. ஏப்ரலில் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் கழற்றி எடுத்த பேட்டரியை வீட்டுக்குள் சார்ஜ் போட்டிருந்தபோது வெடித்து ஒரு முதியவர் இறந்தார். விஜயவாடாவில் படுக்கையறையில் சார்ஜ் போட்ட பேட்டரி வெடித்து இன்னொருவர். செப்டம்பர் 12 அன்று செகந்திராபாத்தில், ஒரு கட்டடத்தின் கீழே எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஷோரூம், மேலே லாட்ஜ். கீழே பிடித்த தீயின் புகை மேலே ஏறி, தங்கியிருந்தவர்களில் எட்டுப் பேர் உயிர் போனது. கீழே கடை, மேலே குடியிருப்பு என்ற அமைப்பு நம் கடைத்தெருவிலும் உண்டு.

இவற்றில் பல, கம்பெனியில் கட்டி முத்திரை போட்ட பேட்டரிகள். விசாரணையை மத்திய அரசு டிஆர்டிஓவின் தீப்பாதுகாப்பு ஆய்வு மையத்திடம் ஒப்படைத்தது. பிறகு ஏஐஎஸ் 156 என்ற தரவிதி கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. ஒரு செல்லில் சூடு எல்லை மீறினால் வண்டியில் இருப்பவருக்கு எச்சரிக்கை ஒலிக்க வேண்டும் என்பது வரை அதில் இருக்கிறது. அதற்கு முன் விற்ற வண்டிகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. உங்கள் பட்டறைக்கு இன்று அதிகம் வருபவை அந்த வண்டிகள்தான். அவற்றிலும் விழுந்து அடிபட்டவை, தண்ணீரில் நின்றவை, மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்தவை.

ஆசிட் பேட்டரியோடு வளர்ந்த கைகள் நம்முடையவை. அது செத்தால் செத்ததுதான். ஆசிட்டை ஊற்றிவிட்டு ஈயத்தை எடைக்குப் போடலாம். லித்தியம் அப்படிச் சாவதில்லை. வண்டி நகரவில்லை, மீட்டர் சுழியம் காட்டுகிறது என்றால் பேட்டரியைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் போர்டு வெளியே போகும் வழியை மூடிவிட்டது என்றும் பொருள் இருக்கலாம். உள்ளே செல்களில் கரண்ட் அப்படியே இருக்கும். ஓடும் ஸ்கூட்டரின் பேக்கில் முழுச் சார்ஜில் இரண்டு, மூன்று யூனிட் கரண்ட் நிற்கிறது. அது ஒரே நொடியில் ஷார்ட் ஆனால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பிளஸ் தகடும் மைனஸ் தகடும் சுருட்டப்பட்டு, நடுவில் தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்றுதான் அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. ஊறியிருக்கும் திரவம் எளிதில் தீப்பற்றும். அடிபட்டு அந்தப் படலம் கிழிந்தாலோ, சூட்டில் உருகினாலோ உள்ளுக்குள் ஷார்ட். அதற்கு மேல் நடப்பதை டெல்டாக்காரர்களுக்கு விளக்குவது எளிது. ஈரம் காயாத வைக்கோலைப் போர் போட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. நடுவில் கையை விட்டால் சுடும். வெளியேற வழியில்லாத சூடு மேலும் சூட்டைக் கூட்டி ஒரு நாள் போரே பற்றிக்கொள்ளும். பேட்டரியிலும் அதே கணக்குத்தான், நேரம் மட்டும் சுருங்கிவிடுகிறது. ஒரு செல் போனால் பக்கத்துச் செல், அது போனால் அடுத்தது. நிக்கல் வகைச் செல்லில் சூடேறும்போது உள்ளிருந்தே ஆக்ஸிஜன் வருவதால் சாக்கைப் போட்டு மூடினால் அணையாது. எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை சற்றுப் பொறுமையானது என்பது உண்மை. ஆனால் அதிலிருந்து வரும் வாயுவும் எரியும், மூடிய அறையில் தேங்கினால் வெடிக்கும்.

அடிபட்ட பேட்டரி உடனே எரிய வேண்டும் என்றும் இல்லை. 2011-இல் அமெரிக்க அரசு ஒரு எலக்ட்ரிக் காரை மோதவிட்டுச் சோதித்தது. சோதனை முடிந்து, வண்டியை வெளியே நிறுத்தி, ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து அது தானாகத் தீப்பிடித்துப் பக்கத்து வண்டிகளையும் எரித்தது. 2022-இல் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ பக்கம், விபத்தில் நொறுங்கிப் பழைய வண்டி யார்டில் சில வாரங்களாகக் கிடந்த டெஸ்லா ஒன்று பற்றிக்கொண்டது. அணைக்க அணைக்க மீண்டும் எரிந்தது. கடைசியில் தீயணைப்பு வீரர்கள் பள்ளம் தோண்டி, வண்டியை அதில் தள்ளி, தண்ணீர் நிரப்பி மூழ்கடித்தார்கள். செலவான தண்ணீர் சுமார் 17,000 லிட்டர். "வந்து பத்து நாளாச்சு சார், ஒண்ணும் ஆகலை" என்று ஒரு கடையில் சொன்னார்கள். பத்து நாள் என்பது உத்தரவாதம் ஆகாது.

தண்ணீரில் நின்ற வண்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சென்னை வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளை இன்சூரன்ஸ் கம்பெனிகள் மொத்த நஷ்டம் என்று கணக்குத் தீர்த்து ஏலத்தில் விடுகின்றன. ஏலத்தில் எடுப்பவர் கழுவித் துடைத்து விற்கிறார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நாள்கணக்கில் தண்ணீரில் நின்ற வண்டிகள் எத்தனையோ. அப்படி ஒன்று மலிவாக இங்கே வந்தால், சீட்டைக் கழற்றி பேக்கின் கனெக்டரில் பச்சைப் பூப்பு இருக்கிறதா, திருகுகளில் சேறு படிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அந்த பேக்கைச் சார்ஜில் போடாதீர்கள். தண்ணீர் காய்ந்துவிடும், அது விட்டுச்சென்ற உப்பும் அழுக்கும் போர்டில் தங்கிவிடும். அதன் வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் கசியும். 2022 செப்டம்பரில் ஃபுளோரிடாவை இயான் புயல் தாக்கி, கடல்நீர் புகுந்த எலக்ட்ரிக் வண்டிகள் பல, வெள்ளம் வடிந்த பிறகுதான் எரியத் தொடங்கின. கஜா புயல் அடித்த 2018-இல் நம் பக்கம் எலக்ட்ரிக் வண்டிகள் அரிது. இனி அப்படி ஒரு புயல் வந்தால் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்திலிருந்து உப்புநீர் குடித்த வண்டிகள் மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் கூத்தாநல்லூருக்கும்தான் ரிப்பேருக்கு வரும்.

இனி, செல் பொறுக்கும் வேலைக்கு வருகிறேன். மல்டிமீட்டர் காட்டுவது அந்த நிமிடத்து வோல்ட்டை மட்டும். அந்தச் செல் எத்தனை முறை சார்ஜ் ஆனது, எப்போது அடிபட்டது, எவ்வளவு நாள் காலியாகக் கிடந்தது என்பதை அது காட்டாது. வோல்ட் மிகக் கீழே இறங்கி நெடுநாள் கிடந்த செல்லில், மைனஸ் பக்கத்துச் செப்புத் தகடு கரையத் தொடங்குகிறது. மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள் ஷார்ட்டுக்கு வழி வகுக்கிறது. வெளியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்து "எழுப்பி" விடுகிறீர்களே, அந்தச் செல் எழுந்ததுபோல் தெரிவதுதான் ஆபத்து. வயது வேறு, திறன் வேறு என்று கலந்து கட்டிய பேக்கில் பலவீனமான செல்தான் முதலில் நிரம்பும், முதலில் காலியாகும். அதன்மேல்தான் எல்லாப் பாரமும் விழும்.

சார்ஜர் விஷயம் இன்னும் மோசம். '48 வோல்ட்' என்று எழுதிய இரண்டு பேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நிக்கல் வகையில் தொடராகப் பதின்மூன்று செல். முழுச் சார்ஜ் 54.6 வோல்ட். எல்எஃப்பி வகையில் பெரும்பாலும் பதினாறு செல்; முழுச் சார்ஜ் 58.4 வோல்ட். பிளக் ஒன்றாக இருக்கிறது என்று எல்எஃப்பி சார்ஜரை நிக்கல் பேக்கில் செருகினால் செல் ஒன்றுக்கு 4.49 வோல்ட் வரை ஏறப் பார்க்கும். 4.2-க்கு மேல் அது தாங்காது. பிஎம்எஸ் நல்லபடி இருந்தால் வெட்டிவிடும். ஆனால் "அடிக்கடி கட் ஆகுது" என்று கஸ்டமர் சொன்னதற்காக பிஎம்எஸ்ஸை பைபாஸ் பண்ணிக் கொடுத்த வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன். தம்பிகளே, ஃபியூஸ் போகிறது என்று அந்த இடத்தில் ஆணியை வைத்தால் வகுப்பில் நான் என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். பைபாஸ் அதைவிடப் பெரிய குற்றம்.

நியூயார்க் நகரத்தில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலாளிகளும் பிறரும் ஓட்டும் எலக்ட்ரிக் சைக்கிள் போன்றவற்றின் லித்தியம் பேட்டரித் தீயில் 2023-இல் மட்டும் 18 பேர் இறந்தார்கள். பழைய பேட்டரியிலிருந்து எடுத்த செல்களைக் கொண்டு புது பேக் கட்டுவதையும் விற்பதையும் அந்த நகரம் அதே ஆண்டு சட்டம் போட்டே தடுத்துவிட்டது. அங்கேயும் அந்த பேக்குகளை வாங்கியவர்களில் பலர் ஏழைகள். அங்கேயும் பலர் சார்ஜ் போட்டது குடியிருக்கும் வீட்டின் வாசலையொட்டித்தான்.

நம் சட்டமும் சும்மா இல்லை. 2022 ஆகஸ்டில் மத்திய அரசு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளைக் கொண்டுவந்தது. அதன்படி, பேட்டரியை விற்ற உற்பத்தியாளரே அது பழசானதும் திரும்பப் பெற்று முறைப்படி மறுசுழற்சிக்கு அனுப்பப் பொறுப்பு. பழைய பேட்டரியைப் பிரித்துச் சீராக்கி மறுபடி பயன்பாட்டுக்குக் கொண்டுவருபவர் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாமல் நீங்கள் கட்டிக் கொடுத்த பேக் ஒரு வீட்டில் எரிந்தால், கம்பெனிக்காரன் "வெளி ஆள் திறந்துவிட்டான்" என்று ஒரே வரியில் விலகிக்கொள்வான். போலீஸ் ஸ்டேஷனில் உட்காரப்போவது நீங்கள்.

அதனால் கேட்கிறேன். பழைய செல்லைப் பிரித்து பேக் கட்டும் வேலையை விட்டுவிடுங்கள். மோட்டார், கன்ட்ரோலர், வயரிங், பிரேக், சார்ஜர் என்று எலக்ட்ரிக் வண்டியில் கைவேலை ஏராளம். பேக்கைத் திறக்காமலே பழுதைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு நல்ல கூலி வாங்கலாம், வாங்க வேண்டும். புது பேக் தேவை என்றால் முத்திரை உள்ளதை வரவழைத்துப் பொருத்திக் கொடுங்கள். செலவு கூடும். பெரியவரிடம் அந்தச் செலவு ஏன் என்று உட்கார்ந்து சொல்லுங்கள். வண்டியைக் கொடுத்தனுப்பும்போது இன்னொன்றும் சொல்லுங்கள்: வாசல் கிரில்லைப் பூட்டிவிட்டு, அதே வாசலில் ராத்திரி முழுக்க சார்ஜ் போட வேண்டாம். நம் பக்கத்து நீள வீடுகள் பலவற்றில் வெளியேற ஒரே வழி அந்த முன்வாசல்.

பழைய இரும்புக் கடைக்காரர்களே, உங்களுக்கு. அந்தப் பெட்டி அலுமினியம்தான். எடைக்கு நல்ல காசுதான். உளியும் சுத்தியலும் வைத்து அதைப் பிளக்காதீர்கள். உங்கள் குடோனில் அட்டையும் பிளாஸ்டிக்கும் துணியும் கூரைவரை குவிந்திருக்கின்றன. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்கள் வேலை முடிந்து அங்கேயே படுக்கிறார்கள். பேட்டரி ஒன்று நடுஇரவில் புகையத் தொடங்கினால் விழித்து ஓட அவர்களுக்குக் கிடைப்பது சில நிமிடம், சில சமயம் அதுவும் இல்லை. வரும் பேட்டரியை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, ஒன்றோடொன்று இடிக்காமல், வெயில் படாமல், கட்டடத்துக்கு வெளியே தள்ளி வையுங்கள். இறுக்கி மூடிய டிரம்மில் போடாதீர்கள். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் செத்துவிடும் என்று யாரோ வீடியோவில் சொன்னதைப் பலர் நம்புகிறீர்கள்; முனை அரித்துப்போய் கரண்ட் உள்ளேயே சிக்கிக்கொள்ளலாம், ஹைட்ரஜன் வேறு கிளம்பும்.

எல்லோருக்கும் பொதுவாக ஒன்று. பேக்கிலிருந்து தின்னர் போல இனிப்பு கலந்த வாடை வந்தாலோ, 'உஸ்' என்று சத்தம் கேட்டாலோ, வெள்ளைப் புகை தெரிந்தாலோ அருகே போகாதீர்கள். அது நீராவி இல்லை. எரியும் வாயு, நுரையீரலைப் புண்ணாக்கும் நஞ்சும் அதில் கலந்திருக்கிறது. எட்டும் இடத்தில் இருந்தால் மெயினை அணைத்துவிட்டு, ஆட்களை வெளியேற்றி, 101-க்கோ 112-க்கோ கூப்பிட்டு, "லித்தியம் பேட்டரி" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இந்தத் தீக்கு மண்ணைவிடத் தண்ணீர்தான் மருந்து, அதுவும் சூடு தணியும்வரை நிறையத் தண்ணீர். அதைத் தூரத்திலிருந்து அடிக்கத் தெரிந்தவர்கள் அடிக்கட்டும்.

அடிபட்ட எலக்ட்ரிக் காரை மற்றப் பொருள்களிலிருந்து 50 அடி தள்ளி நிறுத்தச் சொல்கிறார்கள் வெளிநாட்டில். ஸ்கூட்டருக்கு அவ்வளவு வேண்டாம் என்றே வைத்துக்கொண்டாலும், நம் கடைத்தெருவில் பத்தடி காலி இடம் யாரிடம் இருக்கிறது? அதனால் இதை ஆளுக்கு ஆள் தீர்க்க முடியாது. ஆசிட் பேட்டரிக்குப் பழசைக் கொடுத்தால் புதுசில் விலை கழிக்கும் எக்ஸ்சேஞ்ச் முறை எல்லாக் கடையிலும் இருக்கிறதே, அதே முறை லித்தியத்துக்கும் வேண்டும் என்று கம்பெனிகளைக் கேட்க வேண்டும். பழைய பேக்குக்கு நியாயமான விலைக்கழிவு கிடைத்தால் யாரும் அதை உளியால் பிளக்கமாட்டார்கள். ஊருக்கு வெளியே, வீடும் வைக்கோல் போரும் இல்லாத இடத்தில், கூரை போட்டுச் சுவர் இல்லாத ஒரு கொட்டகையை நகராட்சி ஒதுக்கித் தர வேண்டும். பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரர் குறித்த நாளில் வந்து எடுத்துச் செல்ல மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இந்த மூன்றையும் வைத்து ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். மெக்கானிக்குகள், பேட்டரிக் கடைக்காரர்கள், பழைய இரும்பு வியாபாரிகள் மூன்று தரப்பும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் அதற்குக் கனம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த பிறகு, எந்தக் கடை என்று நீங்களே கூடிப் பேசிச் சொல்லுங்கள், நான் காகிதத்தோடு வருகிறேன். பிஎம்எஸ், சார்ஜர் பொருத்தம் பார்க்கும் முறை பற்றிப் பட்டறைப் பையன்களுக்கு வகுப்பு வேண்டும் என்றாலும் எடுக்கிறேன், காசு வேண்டாம். ஐப்பசி மழைக்கு முன்னால் மனு நகராட்சியில் பதிவாகிவிட வேண்டும். மழை தொடங்கிவிட்டால் தண்ணீரில் நின்ற வண்டிகள் உங்கள் வாசலுக்கு வரத் தொடங்கிவிடும்.

அன்புடன்,
உங்கள் பழைய எலக்ட்ரீஷியன் பிரிவு வாத்தியார்,
கூத்தாநல்லூர்